ஐந்து நிமிஷப் பெரியவள்

“ஃபைலைத் தொடாதேக்கா. நான் வந்து எடுத்துக்கறேன்!”

பெட்டிக்குப் பூட்டு வாங்கக் கிளம்பிய சின்னவள், மூன்றாவது தடவையாகக் கத்திவிட்டுப் போனாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. விமானத்துக்கு நாலு மணி நேரம்தான் இருக்கிறது. உதவி செய்யப் போனால்கூட எரிந்து விழுகிறாளே!

இரட்டைப் பிள்ளைகள். ஒரே அச்சு. ஐந்து நிமிஷ வித்தியாசத்தில் ஒருத்தி அக்கா, ஒருத்தி தங்கை. அந்த ஐந்து நிமிஷம்தான் இருபத்தாறு வருஷமாகப் பெரியவளைப் பாடாய்ப் படுத்துகிறது. பொம்மையா, ஜன்னலோர சீட்டா, “நீ பெரியவ, விட்டுக் கொடு.” போன மாதம் இருவருக்குமே வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தபோதும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மா அதையேதான் சொன்னாள்.

“பெரியவ என்கூட இருக்கட்டும். சின்னவ போகட்டும்.”

சரி, சின்னவளின் பிறப்புச் சான்றிதழையாவது எடுத்து வைப்போம் என்று ஃபைலைத் திறந்தாள். சான்றிதழ் மேலாகவே இருந்தது. அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதம் பிரிந்து, பழுப்பேறிய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று நழுவி விழுந்தது.

‘முதல் குழந்தை: இடது குதிகாலில் மச்சம். இரண்டாம் குழந்தை: மச்சம் இல்லை.’

பெரியவள் சீட்டை இன்னொரு தடவை படித்தாள். குதிகாலில் மச்சம் சின்னவளுக்கல்லவா இருக்கிறது? யாரோ எப்போதோ குளிப்பாட்டி, மாற்றிப் படுக்க வைத்துவிட்டார்கள்!

அப்படியென்றால் போக வேண்டியவள்...

அம்மாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் பயணம் நின்றுவிடும். பாவம், சின்னவள் ஒன்றும் தெரியாதவள். ஆசை ஆசையாய்ப் பெட்டி கட்டியவள் உடைந்து போவாளே!

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கேட் திறக்கும் சத்தம். மூச்சிரைக்க உள்ளே வந்த சின்னவள், திறந்து கிடந்த ஃபைலைப் பார்த்ததும் வெளிறிப் போனாள். மேலே இருந்த சான்றிதழைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரிந்திருந்த அட்டைக்குள் நேராக விரலை விட்டுத் துழாவினாள்.

“என்னடி தேடறே?”

“ஒண்ணுமில்லக்கா... ஸ்கூல் படிக்கறப்ப நான் உள்ளே வெச்சு ஒட்டினது... ஏதோ பழைய பேப்பர்.”

பெரியவளின் கை இடுப்பில் செருகியிருந்த சீட்டைத் தொட்டது. வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது.

சான்றிதழை எடுத்துச் சின்னவளின் கையில் கொடுத்தாள்.

“நேரமாச்சு. அம்மாவை நான் பார்த்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க, அக்கா.”