பிரிக்காத பெட்டி

விமான உதிரிபாகங்களைச் சோதித்துச் சான்று தருவது வேதமுத்துவின் வேலை. வெளிநாடு போகும் வால்வுப் பெட்டிகளைப் பதினோரு வருடமாக அவர் பிரித்ததே இல்லை. எப்படியும் அங்கே மறுபடி சோதிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இன்று, ஒருவர் சான்றை மற்றவர் அப்படியே ஏற்பதாக நம் நாடும் பெட்டிகளை வாங்கும் நாடும் திறந்தவெளி மேடையில் ஒப்பந்தம் போட்டன. அந்த நாட்டின் தமிழ் அதிகாரி யமுனா அவருக்குச் சால்வை போர்த்தினார்.

“இனிமே அங்க பிரிச்சுப் பார்க்க மாட்டீங்களா மேடம்?”

“என்னைக்கு சார் பார்த்தோம்? உங்க கையெழுத்துதான் இருக்குமே.”

தலைக்குமேல் ஒரு விமானம் தாழப் பறந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வேதமுத்து தலை குனிந்து, சால்வையைப் பிரிக்காததுபோலவே பழைய மடிப்பில் மடித்துக்கொண்டிருந்தார்.