ஓடும் தண்ணீர்

மூன்று நாளாக இரண்டு நீர்ப்பூங்காக்களில் எதற்குப் போவது என்று மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் பவளக்கொடி. மகள் நிலானிக்கு அலைக்குளம் உள்ள பூங்காதான் வேண்டும். பவளக்கொடியோ ஆறு உள்ள பூங்காதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கூரைக்கு அடியில் வட்டமாகச் சுற்றிவரும் ஆறுதான். ஆனாலும் ஆறுகளெல்லாம் வற்றிப்போன நாட்டில் வேறெங்கும் தண்ணீர் ஓடுவதில்லை. புருஷனின் அஸ்தியை நிற்கிற தண்ணீரில் கரைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆற்றில் மகளோடு ரப்பர் மிதவையில் மிதந்தபடி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் துணிப்பையை அவிழ்த்துவிட்டாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், “போயிட்டு வாங்க” என்றது.

மாலையில் வாசலில் ஊழியர் ஒருவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அலுப்பு மட்டுமே இருந்தது.

“எல்லாம் ஃபில்டர்ல நின்னுரும்மா. இன்னிக்கு மட்டும் நாலு குடும்பம் கரைச்சிருக்கீங்க. ஒண்ணாக் கலந்துருச்சு. நாலாப் பிரிச்சு வச்சிருக்கோம், ஒண்ணு எடுத்துக்குங்க.”

நான்கு பொட்டலங்களும் ஒரே அளவில் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தவள், மற்ற மூன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பேருந்தில் நிலானி அதைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்.

“இதுல அப்பா எவ்வளவும்மா?”