நாளுக்கு ஓர் ஆங்கிலத் தொடர்

“ஏலே பாண்டிராஜ், ‘லுக் ஃபார்வர்டு டு’க்கு உதாரணம் எழுத ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையாலே?”

முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அச்சகமே அப்படியே நின்றது. அவர் கையில் வரப்போகிற 2007-ஆம் வருஷத்துத் தினசரிக் காலண்டர். மறுநாள் ஆடிப்பெருக்கு. அடுத்த வருஷக் காலண்டரின் மாதிரியைப் பார்க்க வெளியூர் ஏஜெண்டுகள் எல்லாரும் சிவகாசிக்கு வந்து குவிகிற நாள்.

தாளுக்குத் தாள் ஓர் ஆங்கிலத் தொடர், அதன் பொருள், கூடவே ஓர் உதாரணம். இந்த வருஷப் புதுமை அதுதான். கம்ப்யூட்டரில் அடித்தவன் பாண்டிராஜ், பிழை திருத்தியவள் பொன்மணி.

ஜனவரி பதினாறாம் தேதியை அண்ணாச்சி உரக்கப் படித்தார். “லுக் ஃபார்வர்டு டு. ஆவலோடு எதிர்பார்த்தல். உதாரணம்: பொன்மணியின் சம்மதத்தைப் பாண்டிராஜ் ஆவலோடு எதிர்பார்க்கிறான்!”

மெஷின்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பாண்டிராஜின் மனசு அங்கே யாருக்குத்தான் தெரியாது? தினமும் பொன்மணியின் மேஜைக்குப் போவான், எதையோ சொல்ல வாயெடுப்பான், “பேனா இருக்கா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். அவன் மேஜையில் இப்போது ஒரு பேனாக் கடையே வைக்கலாம்.

“சத்தியமா நான் எழுதலை அண்ணாச்சி! ‘தீபாவளியை எதிர்பார்க்கிறோம்’னுதான் அடிச்சேன்.”

“பெறகு மெஷினா எழுதுச்சு? ஒரு பொம்பளப்பிள்ள பேரை ஊரூரா செவத்துல தொங்கவிடப் பாத்திருக்கே. நாளையிலயிருந்து வேலைக்கு வராதே!”

வேலை போனதுகூடப் பாண்டிராஜுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பொன்மணி தன்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்பதுதான் கவலை. அவள் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

பொன்மணி எழுந்து வந்தாள். “அண்ணாச்சி, அடுத்த தாளையும் படிச்சிருங்க.”

அவர் புரட்டினார். “டர்ன் டவுன். வேண்டாம் என்று மறுத்தல். உதாரணம்: பாண்டிராஜைப் பொன்மணி மறுக்க மாட்டாள்.”

அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. “அடப்பாவி! கேள்வியும் நீயே, பதிலும் நீயேவாலே?”

“இவுகளைத் திட்டாதீக அண்ணாச்சி.” பொன்மணி சிரிப்பை அடக்கமுடியாமல் தலைகுனிந்தாள். “ரெண்டு தாளையும் மாத்துனது நான்தான். இவுக கேப்பாக, கேப்பாகன்னு காத்திருந்து, ரெண்டு வருசக் காலண்டரைக் கிழிச்சே முடிச்சுட்டேன்!”