ரெண்டும் சேர்ந்தால்தான்

அண்ணன் ஒரு தோளையும் தம்பி ஒரு தோளையும் தாங்கி, முத்துச்சாமியைப் பூப்போல நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் பிள்ளைகளா என்று டாக்டர் கீர்த்தனாவுக்கு மனசு குளிர்ந்தது.

பரிசோதனை முடிவைப் பார்த்ததும் குளிர்ந்த மனசு கொதித்தது. முத்துச்சாமி சர்க்கரை நோயாளி. ரெட்டியார்சத்திரத்துத் தோட்டத்தில் முள் ஏறிய கால், எலும்புவரை சீழ் பிடித்திருந்தது. சாதாரண மருந்துக்கெல்லாம் அசையாத கிருமி. இந்த வைத்தியமும் கேட்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான்.

"ஒரே மருந்துன்னா கிருமி தப்பிச்சுக்கும். செவப்பு, வெள்ளை ரெண்டும் சேர்ந்து போனாத்தான் மடக்கும்" என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அதுக்கென்னம்மா, ஆளுக்கு ஒண்ணு வாங்கிருவோம்" என்று பிள்ளைகள் இருவரும் அன்றைக்கே போட்டி போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடியிருந்தார்கள். இப்போது பார்த்தால், அத்தனை மருந்தையும் தின்று கிருமி கொழுத்துத்தான் போயிருக்கிறது.

"ஒழுங்காக் குடுக்குறீங்களா?"

"நான் ஒரு வேளைகூடத் தப்பவிட்டதில்ல" என்றான் பெரியவன் கண்ணன்.

"நான் மட்டும் தப்பவிட்டேனா?" சின்னவன் மோகன்குமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

முத்துச்சாமி மெல்ல வாயைத் திறந்தார். "தாயீ, ஒரு வாரம் ஒண்ணுக்கு செவப்பாப் போகுது. மறுவாரம் தெளிஞ்சிருது. பெறகு மறுபடியும்..."

"செவப்பு மாத்திரை போட்டா அப்படித்தான்யா போகும். பயப்படாதீங்க" என்று டாக்டர் அவர் பேச்சை முடித்துவைத்தார். வெளியே டோக்கன் வாங்கியவர்கள் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளி சொல்வதைக் கடைசிவரை கேட்கவா இத்தனை வருஷம் படித்தார்?

போலி மருந்தாக இருக்குமோ? எந்த மருந்துக்கும் சாகாத புது ரகக் கிருமியோ? அப்படியென்றால் சென்னை மாநாட்டில் ஒரு கட்டுரை வாசிக்கலாம் என்றுகூட நினைப்பு ஓடியது.

"இந்தக் காலு இல்லாம நான் எப்படித் தாயீ தோட்டத்துல எறங்குவேன்?" என்றார் முத்துச்சாமி. டாக்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னைக்குப் போட வேண்டிய மாத்திரை கையில இருக்கா? எடுங்க. என் கண்ணு முன்னாடியே போடட்டும்."

மோகன்குமார் சட்டைப்பையிலிருந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்தான். பொறுப்பாகத் தண்ணீர் பாட்டிலையும் திறந்து அப்பாவிடம் நீட்டினான்.

"செவப்பு எங்கப்பா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மோகன்குமாருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அது அண்ணன் வீட்டு மாத்திரைம்மா. இந்த வாரம் அப்பாவுக்கு எங்க வீட்டுலதான சோறு!"