படுத்துக்கொண்ட மயிலை

ரேக்ளா வண்டியில் ஒரே நுகத்தில் ஓடிப் பல பந்தயங்களை வென்ற காளைகள் மயிலையும் செவலையும். திருவிழாவின் இறுதிப் பந்தயத்தன்று மயிலை எழுந்திருக்க மறுத்துவிட்டது.

"நாளை பெரிய பண்ணைக்காரர் என்னை விலைபேச வருகிறார். இன்று கால் முறிந்தால் என் கதி என்ன, மாப்பிள்ளை?"

"என் கதியை நினைத்தாயா? உழவுமாட்டோடு பூட்டி என்னை ஓடவிடப் போகிறார்கள்!"

மயிலை கண்களை மூடிக்கொண்டது. சென்ற ஆண்டு பந்தயத்தில் கால் முறிந்த காரிக்காளையை அடிமாடாக ஏற்றிச் சென்ற வண்டி அதன் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பந்தயத் திடலிலிருந்து ஆரவாரம் எழும்போதெல்லாம் கால்களை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டது. செவலை தோற்றுத் திரும்பி, மயிலைக்கு முதுகைக் காட்டிப் படுத்தது.

மறுநாள் பண்ணைக்காரர் மயிலையின் கால்களைத் தடவிப் பார்த்து மகிழ்ந்து, கையோடு வாங்கிச் சென்றார்.

புதிய கொட்டிலில் அதற்குப் பந்தய ஜோடியாக ஒரு வெள்ளைக்காளை காத்திருந்தது.

"வா, மாப்பிள்ளை! நேற்று உங்கள் ஊர்ப் பந்தயத்தில் ஓடினாயா?"

"இல்லை. இங்கே வரவேண்டுமே என்று கால்களைக் காத்துக்கொண்டேன்."

வெள்ளைக்காளை அசைபோடுவதை நிறுத்தியது.

"இதைவிடப் பெரிய பண்ணை எங்கேனும் இருக்கிறதா, மாப்பிள்ளை?" என்று கவலையோடு கேட்டது.