யார் அந்தத் துரை?

"ஏம்ப்பா, யாரு அந்தத் துரை? சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஆளைச் சொல்லு. இல்லன்னா உன் பக்கத்துல குறுக்கெழுத்துப் போட்டியைப் போட்டுடுவேன்!"

பத்திரிகை ஆசிரியர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை, செய்துவிடுவார். இசை விமர்சகர் தலை நரைக்க நரைக்க எழுதிக் காப்பாற்றி வைத்திருந்த பக்கம் அது.

வம்பை விலைக்கு வாங்கியதும் அவரேதான். 'இடி' என்ற பெயரில் ராப் பாடும் ஒருவனின் முதல் ஆல்பம் 'துரை'. கேட்க நாதியில்லாமல் கிடந்ததை, 'அதிகாரத்தின் சட்டையைப் பிடித்த ஆல்பம்' என்று எழுதி இவர்தான் ஏற்றிவிட்டார். பற்றிக்கொண்டது. துரை என்றால் முதலாளி என்றது தொழிற்சங்கம். மந்திரிதான் என்றது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சித் தலைவர்தான் என்றார் மந்திரி. துரை என்று பெயர் வைத்துக்கொண்ட பாவத்துக்கு ஒரு பல் டாக்டர் வக்கீல் நோட்டீஸே அனுப்பிவிட்டார்.

'படுத்தா எழுப்புறார், எழுந்தா படுத்துறார்,
பல்லே இல்லாம பதம் பார்க்குறார்!
தோள்ல தூக்கி வெச்சோம் துரையை, நம்ம
தோளையே நனைச்சு விட்டார்!'

இதற்கு விமர்சகர் வரிக்கு வரி உரை எழுதியிருந்தார். பல்லில்லாதவை சட்டங்களாம். தோளை நனைத்தது மக்களின் கண்ணீராம். ஆசிரியரே அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினார்.

இப்போது ஆளைக் காட்டியாக வேண்டும். கிளம்பிவிட்டார்.

இடியின் வீடு மூன்றாவது மாடியில். அழைப்பு மணியை நோக்கி விமர்சகர் விரலை நீட்டியதுதான் தாமதம், கதவு திறந்தது.

"மணி அடிச்சுடாதீங்க சார்! உள்ள வாங்க. மெதுவா."

ஆல்பத்தில் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்த குரல் கிசுகிசுத்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. கன்னத்தில் நீளமாக ஒரு கீறல்.

விமர்சகரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாராவது ஒட்டுக் கேக்கறாங்களா?"

"துரை உள்ளதான் சார் இருக்கார்."

விமர்சகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்கேயா? உங்க வீட்டுலயா?"

"என் வீடா? அதெல்லாம் அந்தக் காலம். இப்ப அவர் வீடு. வாடகை மட்டும் நான் குடுக்கறேன்."

அடப்பாவி, மிரட்டி உள்ளேயே புகுந்துவிட்டானா! விமர்சகர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"கன்னத்துல அது?"

"அவர் வேலைதான். கோபம் வந்தா யாரு எவருன்னு பாக்க மாட்டார்."

"போலீஸ்ல சொல்லலாமே?"

"சொன்னா சிரிப்பாங்க சார்."

காவல்துறையும் கையில்! விமர்சகர் அடிக்கோடிட்டார். "எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டதே இல்லையா?"

"ஒரு வாட்டி குரலை உசத்தினேன். தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினார். கடைசியில என் பொண்டாட்டியே அவர் பக்கம் சாஞ்சுட்டா. 'உங்களுக்கு அறிவில்லையா'ன்னு என்னைத்தான் திட்டினா."

"ஐயோ! இவரை யாரு உள்ள விட்டது?"

"நாங்கதான். வரணும் வரணும்னு தவம் கிடந்தோம். வந்தன்னிக்குத் தெரு முழுக்க மிட்டாய் குடுத்தோம்."

'மக்கள் எப்போதும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்' என்று எழுதிக்கொண்டார் விமர்சகர்.

"அப்புறம் எப்படித்தான் இந்த ஆல்பத்தைப் பண்ணீங்க?"

"ஸ்டுடியோ சார். அங்க நான் எவ்வளவு கத்தினாலும் அவர் காதுல விழாது. பாட்டே அப்படித்தான் வந்தது. கத்தறதுக்குன்னு போனேன், எதுகை தானா வந்து விழுந்துச்சு."

"கடைசிப் பாட்டு நடுவுல நீளமா ஒரு மௌனம் வருமே! மௌனத்தின் அரசியல்னு அதைப் பத்தித் தனியா ஒரு பத்தி எழுதினேன்."

இடி தலையைச் சொறிந்தான். "அது... தூங்கிட்டேன் சார். பாவம்னு ரெகார்டிங் பண்றவர் எழுப்பாம விட்டுட்டார்."

இதை மட்டும் விமர்சகர் எழுதிக்கொள்ளவில்லை.

"தம்பி, நேரா கேக்கறேன். துரை யாரு? சொல்லாமப் போனா என் பக்கம் போயிடும். என் பொழப்பே அதுதான்."

"யாருன்னு கேக்கறீங்களே! நீங்கதானே சார் வரிக்கு வரி அர்த்தம் எழுதினீங்க? தோள் நனைஞ்சதைக்கூடச் சரியா எழுதியிருந்தீங்கன்னு..." இடி முடிப்பதற்குள் விமர்சகரின் கை தட்டி பேனா மூடி தரையில் விழுந்தது. டக்.

இடியின் முகம் வெளுத்தது.

"போச்சு!" உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "துரை எழுந்துட்டார்!"

விமர்சகர் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வரட்டும். முகத்துக்கு நேராகவே கேட்டுவிடலாம்.

கதவு திறந்தது. இடியின் மனைவி வேகமாக வந்தாள். "அண்ணா, ஒரு நிமிஷம் இவரைப் பிடிங்களேன், கையைக் கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, கொண்டுவந்த துரையை விமர்சகரின் தோளில் சாய்த்துவிட்டுப் போனாள்.

துரை பல்லில்லாத வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். விமர்சகரின் தோள் வெதுவெதுப்பாக நனைய ஆரம்பித்தது; கண்ணீரால் அல்ல.