வாயைப் பார்த்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பார்வையின் கதை சொல்கிறேன். முதலாளி சவுந்திரபாண்டி தன் பட்டாசு ஆலையின் கதவை வெளியே பூட்டி வைத்திருந்ததால்தான் தீப்பிடித்த அன்று வெள்ளத்தாயின் மகள் உள்ளேயே வெந்துபோனாள். வழக்கில் அவன் விடுதலையான மறுநாளிலிருந்து, அவன் மதியச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் வெள்ளத்தாய் அவன் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, இமைக்காமல் அவன் வாயையே பார்த்தாள்.

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் மொதலாளி. நீங்க சாப்பிடுங்க. எம்புள்ளதான் பசியோட போயிட்டா."

கவளம் அவன் தொண்டையில் நின்றது. கண்ணேறு என்று பயந்த அவன் மனைவி, மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது. அன்றைக்கோ வீடே இருமியது.

"இது கண்ணு இல்லைங்க," என்றாள் மனைவி. "வேற என்னவோ."

சவுந்திரபாண்டி தட்டைத் தள்ளிவைத்தான். படியிலிருந்தவளுக்கு வயிறு குளிர்ந்தது. "நாளைக்கும் வாரேன் மொதலாளி."

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சோறு நிம்மதியாக இறங்கட்டும், என் செல்லங்களே.